சிலேத்தார் வரை 320 கிலோமீட்டர்: குறுகிய வான்பயணத்தின் நேரம் எங்கே போகிறது?

கிள்ளானிலோ சுங்கை பூலோவிலோ வீடு, சிங்கப்பூரில் அக்காளோ மகனோ குடும்பத்தோடு இருப்பார்கள். சிலாங்கூர்த் தமிழர்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். பள்ளி விடுமுறை, தீபாவளி, வளைகாப்பு, காது குத்து என்று போக்குவரத்து ஓயாது. பயணம் முடிவானதும் வீட்டில் முதலில் கேட்பது, "சுபாங்கிலிருந்து சிலேத்தாருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?" என்றுதான். சுபாங் சிலாங்கூரில் உள்ள விமான நிலையம், சிலேத்தார் சிங்கப்பூரின் சிறு விமான நிலையம். இணையத்தில் தேடினால் தூரம் எல்லா இடத்திலும் 320 கிலோமீட்டர் பக்கம் வரும். நேரம்தான் ஆளுக்கொன்று. ஒரு கணக்கு 40 நிமிடத்துக்குள் என்கிறது. இன்னொன்று 54 நிமிடம் என்கிறது. பயணச்சீட்டில் ஒரு மணி பத்து நிமிடம் அளவில் போட்டிருக்கிறார்கள். போய் வந்தவரைக் கேட்டால், "காலையில் கிளம்பினேன், மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்" என்கிறார்.

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொன்றும் கடிகாரத்தை வேறு இடத்தில் தொடங்கி வேறு இடத்தில் நிறுத்துகிறது. முந்நூறு கிலோமீட்டர்ப் பயணத்தில் வானத்தில் பறக்கும் தூரம் மொத்த நேரத்தில் சிறு பங்கைத்தான் தீர்மானிக்கிறது. மிச்சத்தைத் தீர்மானிப்பது இரண்டு முனைகளும். எந்த நிலையத்தில் ஏறுகிறோம், எதில் இறங்குகிறோம், அங்கிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் சேரும். இதைப் புரிந்துகொண்டால் சீட்டு வாங்கும் முன் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். இதற்கு இணையம்கூடத் தேவையில்லை, ஒரு தாளும் பேனாவும் போதும். சுபாங் விமான நிலையம் வட அட்சரேகை 3 பாகை 8 கலையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 101 பாகை 33 கலையிலும் இருக்கிறது. சிலேத்தார் இருப்பது வடக்கே 1 பாகை 25 கலை, கிழக்கே 103 பாகை 52 கலை. ஒரு பாகைக்கு அறுபது கலை. ஆக, தெற்கு நோக்கி 103 கலையும் கிழக்கு நோக்கி 139 கலையும் போக வேண்டும். அட்சரேகையில் ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். தீர்க்கரேகையின் கலை துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கிக்கொண்டே வரும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே வாழ்கிறோம், அதனால் இங்கே அந்தச் சுருக்கம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. இனி பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். 103இன் வர்க்கம் 10,609. 139இன் வர்க்கம் 19,321. கூட்டினால் 29,930. அதன் வர்க்கமூலம் 173. ஆக 173 கடல் மைல், கிலோமீட்டரில் 320. பெரிய கணினிகள் பூமியின் உருண்டையைக் கணக்கில் எடுத்துத் தரும் விடையும் இதுவேதான். லண்டனுக்கும் தோக்கியோவுக்கும் நடுவே இந்த எளிய கணக்கைப் போட்டால் விடை எங்கோ போய்விடும். மலேசியத் தீபகற்பத்துக்குள் போட்டால் இம்மி பிசகாது. வீட்டில் ஐந்தாம் ஆறாம் படிவப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே போடச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த 320 கிலோமீட்டர் நேர்கோட்டுத் தூரம். எந்த விமானமும் ஓடுபாதையிலிருந்து மூக்கைத் திருப்பி நேராகச் சேருமிடத்தைப் பார்த்துப் பறப்பதில்லை. சுபாங்கின் ஓடுபாதை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கிறது. சிலேத்தார் இருக்கும் திசையும் தென்கிழக்கு. காற்று தெற்கிலிருந்து வீசும் நாளில் விமானம் தென்கிழக்கு நோக்கிக் கிளம்பும், போக வேண்டிய திசையிலேயே ஏறிவிடும். காற்று மாறினால் வடமேற்கு நோக்கிக் கிளம்பி, ஒரு பெரிய வளைவு போட்டுத் திரும்பி வர வேண்டும். அதில் சில நிமிடங்கள் போய்விடும். வானத்திலும் நம் நெடுஞ்சாலையைப் போல வகுத்த பாதைகள் உண்டு. புள்ளி புள்ளியாகப் பெயரிட்டு, அவற்றை இணைத்துத்தான் பயணத் திட்டம் போடுகிறார்கள். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் நேர்கோட்டைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதல்.

இனி நேரத்துக்கு வருவோம். 40 நிமிடத்துக்குள் என்ற பதில் எப்படி வந்தது? இந்தத் தடத்துக்குப் பெயர்போன விமானம் ஏ.டி.ஆர். 72. இரண்டு பக்கமும் சுழல்விசிறி வைத்தது, எழுபது பேர் வரை ஏற்றும். உயரே போய் நிலைப்பட்ட பிறகு மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. 320ஐ 510ஆல் வகுத்தால் ஏறத்தாழ 38 நிமிடம். 54 நிமிடம் என்ற பதில் ஜெட் விமானத்தை மனத்தில் வைத்துப் போட்டது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து, ஏறி இறங்க அரை மணி நேரத்தைப் பொதுவாகச் சேர்த்துவிடுவார்கள். 24 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்தால் 54. இந்தத் தடத்தில் ஓடாத விமானத்துக்குப் போட்ட கணக்கு அது. சிலேத்தாரின் ஓடுபாதை 1,836 மீட்டர்தான். சுபாங்கின் ஓடுபாதையோ 3,780 மீட்டர். பயணிகள் நிறைந்த போயிங் 737 இறங்கி ஏறுவதற்கு சிலேத்தாரில் இடம் போதாது. ஏ.டி.ஆருக்கு அது தாராளம். இரண்டு நிலையங்களில் சிறியது எதுவோ அதுதான் எந்த விமானம் பறக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. வேகமும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

அந்த 510 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் பறப்பதும் பயணத்தின் நடுவில் கொஞ்ச நேரம் மட்டுமே. தென்கிழக்கு நோக்கிப் போகும் விமானங்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்களில் உயரம் தருவது வழக்கம்: 15,000 அடி, 17,000 அடி என்று. திரும்பி வடமேற்காக வரும்போது 16,000, 18,000 என்று இரட்டைப்படை. எதிரெதிரே வரும் விமானங்கள் ஒரே உயரத்தில் சந்தித்துவிடக் கூடாது என்பதற்காக உலகம் முழுவதும் இருக்கும் ஏற்பாடு இது. 17,000 அடிக்கு ஏற ஏ.டி.ஆருக்கு ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். ஏறும்போது வேகம் குறைவு. இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருப்பது, ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 17,000 அடிக்கு 51 கடல் மைல். ஆக, சிலேத்தாருக்கு இன்னும் 95 கிலோமீட்டர் இருக்கும்போதே, ஜொகூரின் நடுப்பகுதியிலேயே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஏறுவதற்கு 40, 45 கடல் மைல், இறங்குவதற்கு 51. மொத்தம் 173இல் இவை போக மிச்சம் ஏறத்தாழ 80. முழு வேகத்தில் பறக்கும் நேரம் 17 அல்லது 18 நிமிடம்தான். ஏற்றம், சமதளம், இறக்கம், கடைசியில் ஓடுபாதைக்கு நேர்ப்படுத்திக்கொள்ளும் சில நிமிடங்கள், எல்லாம் சேர்த்தால் வானத்தில் இருப்பது ஏறத்தாழ 50 நிமிடம். இரண்டு பக்கமும் தரையில் ஊர்ந்து போகும் நேரத்தைச் சேர்த்தால் சீட்டில் போட்டிருக்கும் ஒரு மணி பத்து நிமிடம் வந்துவிடும்.

சரி, ஜெட்டில் போனால் சீக்கிரம் போய்விடலாமே என்று தோன்றும். கோலாலம்பூரின் பெரிய விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.விலிருந்து சிங்கப்பூரின் பெரிய விமான நிலையமான சாங்கிக்கு நேர்கோட்டில் 296 கிலோமீட்டர், சுபாங்–சிலேத்தாரைவிட 24 கிலோமீட்டர் குறைவு. விமானத்தின் வேகமோ ஒன்றரை மடங்குக்கு மேல். ஆனால் அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள், அதிலும் ஒரு மணி ஐந்து, ஒரு மணி பத்து நிமிடம் என்றுதான் இருக்கும். இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் தன் வேகத்தைக் காட்ட இடமே இல்லை. ஏறி முடித்ததும் இறங்க வேண்டியதுதான். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 250 கடல் மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் பொதுவாக உண்டு. மிச்சம் பிடித்த சில நிமிடங்களையும் பெரிய நிலையங்களின் தரை விழுங்கிவிடும். மூன்று ஓடுபாதைகள் கொண்ட கே.எல்.ஐ.ஏ.வில் விமானம் வாசலை விட்டு நகர்ந்து ஓடுபாதை முனைக்குப் போய்ச் சேரவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். சாங்கியில் இறங்க வரிசை. கோலாலம்பூர்–சிங்கப்பூர்த் தடம் உலகிலேயே அதிக விமானங்கள் பறக்கும் சர்வதேசத் தடங்களில் ஒன்று. 2018இல் ஓராண்டில் 30,000க்கும் மேற்பட்ட பயணங்கள் நடந்து முதலிடம் பிடித்த தடம் அது. அந்தக் கூட்டத்தில் வேகம் இருந்தும் பயனில்லை.

திருச்சிக்குப் போகும் பயணத்தை இதோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து திருச்சி ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். ஏறி இறங்கும் அரை மணி நேரமும் தரையில் ஊரும் நேரமும் அங்கேயும் அதே அளவுதான். நான்கு மணி நேரத்தில் அது சிறு பங்கு. அதனால் திருச்சிக்குத் தூரம் கூடினால் நேரமும் அதே கணக்கில் கூடும். சிங்கப்பூருக்கு அப்படி நடக்காது. 296 ஆனாலும் 320 ஆனாலும் சீட்டில் நேரம் மாறவே இல்லை.

சீட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் படிப்பதிலும் கொஞ்சம் கவனம் தேவை. புறப்பாடு என்று போட்டிருப்பது விமானம் தரையை விட்டுக் கிளம்பும் நேரமில்லை, நின்ற இடத்தை விட்டு நகரும் நேரம். வந்துசேர்வது என்பது சக்கரம் தரையைத் தொடும் நேரமில்லை, போய் நின்று பிரேக் போடும் நேரம். அதற்குள் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும். அதனால்தான் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்து நிமிடத் தாமதத்தோடு போய்ச் சேர்கிறது. இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூருக்கு இதில் சிக்கல் இல்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. இரண்டு ஊருக்கும் ஒரே மணி. திருச்சி சீட்டில் காலை 8.30க்குக் கிளம்பி 10.00க்குச் சேருவதாக இருந்தால் ஒன்றரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் அது நான்கு மணி நேரப் பயணம். முதல் முறை தனியாகப் போகும் பெரியவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்வது நல்லது. அங்கே வரவேற்க வருபவர் தப்பான நேரத்தில் வந்து நிற்காமல் இருப்பார்.

இரண்டு முனைகள்

சுபாங் ஒரு காலத்தில் சிறு நிலையம் அல்ல. 1965 ஆகஸ்டில் திறந்ததிலிருந்து 1998 ஜூனில் கே.எல்.ஐ.ஏ. வரும் வரை தலைநகரின் முதன்மை விமான நிலையம் அதுவே. தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களை வழியனுப்ப வேன் பிடித்துக் குடும்பத்தோடு போய் நின்றதெல்லாம் அங்கேதான். இப்போது ஸ்கைபார்க் என்று பெயர் பெற்ற மூன்றாம் முனையத்தில் நுழைந்தால், வாசலிலிருந்து கவுன்டர் நாலு எட்டு, கவுன்டரிலிருந்து சோதனைக்கு இன்னும் நாலு எட்டு. கே.எல்.ஐ.ஏ.வில் வாசலிலிருந்து விமானம் வரை நடப்பதையும், துணைக் கட்டடத்துக்கு ரயில் ஏறிப் போவதையும் நினைத்தால் இந்த வேறுபாட்டின் மதிப்பு தெரியும். அந்த ஏரோ ரயில் 2023 மார்ச்சில் நின்றுபோய் 2025 ஜூலையில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலம் முழுக்கப் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி இறக்கினார்கள்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஏ.டி.ஆர். பற்றி ஒரு வார்த்தை. இந்த விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம், வால் அருகே இருக்கிறது. கதவையே கீழே இறக்கினால் அதன் உட்பக்கம் சில படிகள் கொண்ட ஏணியாகிவிடும். விமானத்தின் வயிறு தரைக்கு மிக அருகில் இருப்பதால் அந்தச் சில படிகளே போதும். ஜெட்டுக்கு உயரமான படிக்கட்டு வண்டி தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கும், அல்லது ஏரோபிரிட்ஜ் வேண்டும். ஆனால் சுபாங்கில் விமானம் நிற்கும் இடம் வரை வெயிலிலோ தூறலிலோ கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கலாம், குடை கையில் இருக்கட்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கதவு பின்னால் என்பதால் பின்வரிசையில் இடம் கேட்டு வாங்கினால் உள்ளே நடப்பது குறையும், சுழல்விசிறியின் இரைச்சலும் அங்கே குறைவு. பக்கத்துக்கு இரண்டிரண்டு இருக்கைகள்தான், நடுவில் மாட்டிக்கொள்ளும் இருக்கை கிடையாது. தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் சிறியது, பெரிய பெட்டியைக் கவுன்டரிலேயே போட்டுவிடுவது நல்லது. இறக்கை கூரைக்கு மேலே பொருத்தியிருப்பதால் சன்னல் காட்சியைப் பெரும்பாலான இருக்கைகளில் அது மறைக்காது. தெளிந்த நாளில் நெகிரி செம்பிலான், ஜொகூர் செம்பனைத் தோட்டங்கள் வரிசை பிசகாமல் கீழே விரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் அந்தச் சன்னலை விட்டு நகர மாட்டார்கள்.

எந்த முனை யாருக்கு வசதி என்பது வீட்டைப் பொறுத்தது. கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, சுங்கை பூலோ, ரவாங் பக்கம் இருப்பவர்களுக்குச் சுபாங் கைக்கெட்டும் தூரம். சிரம்பான், நீலாய், பந்திங் பக்கம் இருப்பவர்களுக்கு கே.எல்.ஐ.ஏ.தான் பக்கம். அவர்கள் சுபாங் வரை வருவதில் பொருளே இல்லை. பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு இரண்டும் ஏறக்குறைய சரிசமம். கே.எல். சென்ட்ரலிலிருந்து விரைவு ரயில் 28 நிமிடத்தில் கே.எல்.ஐ.ஏ.வின் முதல் முனையத்தில் இறக்கிவிடும், சாலை நெரிசல் அதைத் தொடாது. சுபாங் கிலோமீட்டரில் கிட்டம், ஆனால் பெடரல் நெடுஞ்சாலை மாலையில் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கே.எல். சென்ட்ரலிலிருந்து சுபாங்குக்கு 2018 மே மாதத்தில் கே.டி.எம். ரயில் தொடங்கினார்கள், 2023 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயில் ஓடிக்கொண்டிருந்தால் சுபாங்கின் பயன் இன்னும் பெருகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் சிறு நிலையத்தின் பலம், அதைக் கார் இல்லாதவருக்கும் கொண்டு சேர்க்க ரயிலோ தடையில்லாத பேருந்தோ வேண்டும்.

சிங்கப்பூர் முனையிலும் இதே கதை. சிலேத்தார் தீவின் வடகிழக்கில் இருக்கிறது. ஈசூன், செங்காங், பொங்கோல், அங் மோ கியோ வட்டாரங்களில் உறவினர் இருந்தால் இறங்கிய கொஞ்ச நேரத்தில் வீடு போய்ச் சேரலாம். பிடோக், தெம்பனிஸ் பக்கம் என்றால் சாங்கிதான் வாசல். சிலேத்தார் வாசலில் எம்.ஆர்.டி. நிலையம் கிடையாது, பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். கடப்பிதழ்ச் சோதனையில் மட்டும் அதன் அருமை தெரியும். ஒரு நேரத்தில் ஒரே விமானப் பயணிகள்தான் குடிநுழைவு வரிசையில் நிற்பார்கள். இந்தச் சிறு நிலையத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. 1930இலிருந்து 1937இல் காலாங் திறக்கும் வரை சிங்கப்பூரின் பொதுமக்கள் விமான நிலையம் சிலேத்தார்தான். இப்போதுள்ள புதிய முனையம் 2018 நவம்பரில் திறந்தது.

கிள்ளானிலிருந்து ஈசூனுக்கு என்று வைத்துக் கூட்டிப் பார்க்கலாம். சுபாங் போக 40 நிமிடம், அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருப்பது, விமானத்தில் ஒரு மணி பத்து, குடிநுழைவும் பெட்டியும் 20 நிமிடம், டாக்சியில் 25 நிமிடம். மொத்தம் நான்கு மணி ஐந்து நிமிடம். அதே வீட்டிலிருந்து கே.எல்.ஐ.ஏ., சாங்கி வழியாகப் போனால் ஒரு மணி, இரண்டு மணி, ஒரு மணி பத்து, 40 நிமிடம், 40 நிமிடம் என்று கூடி ஐந்தரை மணி நேரம். விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றே. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் மிச்சமாவது முழுக்கத் தரையில்தான். காரில் போனால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர், சாலை மட்டும் நான்கு மணி நேரம். ஜொகூர் பாலத்தில் காத்திருப்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. நான்கைந்து பேராகப் போகும்போது கார் மலிவு, மறுப்பதற்கில்லை. ஆனால் விடுமுறைக் காலத்தில் கைக்குழந்தையோடு பாலத்தில் நிற்பதற்குப் பதில் விமானச் செலவை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பறக்க முடியாமல் போன ஐந்து மாதம்

இந்த 320 கிலோமீட்டரை எந்த விமானமும் பறக்க முடியாத காலமும் ஒன்று இருந்தது. அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் சிறு நிலையங்களுக்கு நடுவிலான தடம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அது காட்டுகிறது. மலேசியாவின் ஃபயர்ஃபிளை விமான நிறுவனம் முன்பு சுபாங்கிலிருந்து சாங்கிக்குப் பறந்துகொண்டிருந்தது. சாங்கியில் ஜெட் விமானங்களுக்கு இடம் விடுவதற்காக, சுழல்விசிறி விமானங்களை சிலேத்தாருக்கு மாற்ற சிங்கப்பூர் முடிவு செய்தது. சிலேத்தாரில் ஐ.எல்.எஸ். என்னும் கருவிவழித் தரையிறக்க முறையைக் கொண்டுவரவும் திட்டமிட்டது. மேகமூட்டத்திலும் விமானத்தை ஓடுபாதைக்கு நேராக வழிநடத்தும் முறை அது. ஓடுபாதையின் வட முனையிலிருந்து அந்தப் பாதையை நீட்டினால் அது ஜொகூர் நீரிணையைத் தாண்டி பாசிர் கூடாங்கின் மேல் போகிறது. விமானம் தாழப் பறக்கும் பாதையின் கீழே உயரமான கட்டடங்களும் துறைமுகப் பளுதூக்கிகளும் இருக்கக் கூடாது. அதனால் பாசிர் கூடாங்கின் வளர்ச்சி தடைபடும் என்று மலேசியா எதிர்த்தது. 2018 டிசம்பர் 1 முதல் ஃபயர்ஃபிளையின் சிங்கப்பூர்ப் பயணங்கள் நின்றன. பாசிர் கூடாங் வான்வெளியை மலேசியா கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவித்தது. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்தன. சிங்கப்பூர் ஐ.எல்.எஸ். திட்டத்தைத் திரும்பப் பெற்றது. மலேசியா அந்தக் கட்டுப்பாட்டைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தது. செயற்கைக்கோள் வழிகாட்டலை வைத்து வேறு தரையிறக்க முறை வகுப்பதென்று முடிவானது. ஏப்ரல் 22 அன்று முதல் ஃபயர்ஃபிளை விமானம் சிலேத்தாரில் இறங்கியது. ஓராண்டுக்குள் கோவிட் வந்து எல்லாம் மீண்டும் நின்று, 2022 ஜூனில்தான் பயணங்கள் திரும்பின.

பெரிய நிலையங்களுக்கு நடுவே ஒரு நிறுவனம் நிறுத்தினால் பத்து நிறுவனங்கள் பறக்கும். சிறு நிலையங்களுக்கு நடுவே ஒரு நிறுவனம் நின்றால் தடமே நின்றுவிடும். அதனால் முக்கியமான பயணத்துக்கு, அதாவது திருமணம், கருமாதி, மருத்துவமனை என்றால், அன்றைய கடைசி விமானத்தை நம்பக் கூடாது. சிறு நிலையங்கள் பலவும் குடியிருப்புகளுக்கு நடுவே இருப்பதால் இரவு நேரத்தில் இயங்குவதில்லை. மாலை விமானம் தாமதமாகித் தாமதமாகி அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால், மறுநாள்தான்.

தாமதம் எப்போது வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும், ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் இன்னும் கடுமை. மின்னல் அதிகம் விழும் வட்டாரங்களில் ஒன்று இது. மின்னல் பக்கத்தில் விழும்போது தரைப் பணியாளர்களை உள்ளே வரச் சொல்லிவிடுவார்கள். வானம் பறக்க ஏற்றதாக இருந்தாலும் பெட்டி ஏற்ற ஆளிருக்காது. நாற்பதாயிரம் அடிக்கு மேல் எழும்பும் இடிமேகத்தை ஏ.டி.ஆரால் தாண்டிப் போக முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை அதிகாலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமாத்திராச் சூறைக்காற்று சில காலைகளைக் கெடுக்கும், ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துபோய்விடும். மொத்தத்தில் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள் கிளம்பும் விமானம்தான் ஆண்டு முழுக்க நம்பத்தக்கது. பினாங்குக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

பினாங்கைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. சுபாங்கிலிருந்து பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் 278 கிலோமீட்டர், கே.எல்.ஐ.ஏ.விலிருந்து 324. சுபாங் வடக்கே இருப்பதால் சிங்கப்பூர்க் கணக்கு இங்கே தலைகீழாகி, சுபாங் பக்கமாகிறது. எல்லை தாண்டாத பயணம், குடிநுழைவு இல்லை, விமானத்துக்குச் சாதகம். ஆனால் எதிரில் நிற்பது கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போகும் இ.டி.எஸ். ரயில். பாயான் லெப்பாஸ், கெலுகோர், ஜார்ஜ் டவுன் என்றால் விமானம் முந்தும். புக்கிட் மெர்தாஜாமிலோ பிறையிலோ வீடு என்றால், தீவில் இறங்கிப் பாலம் ஏறித் திரும்பி வருவதற்குள் ரயில் பயணி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

சுபாங் இனி எப்படி இருக்கும் என்பதைப் பொறுத்தே இந்தக் கணக்குகள் நிலைக்கும். 2024 ஆகஸ்டிலிருந்து ஜெட் விமானங்களை அங்கே திரும்ப அனுமதித்தார்கள். நிலையத்தை விரிவாக்கும் திட்டமும் இருக்கிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் போகிறவர்களுக்கு அது நல்ல செய்தி, அந்தத் தூரத்துக்கு ஜெட் தேவைதான். ஆனால் 180 பேரை ஏற்றும் விமானங்கள் வரிசையாக வரத் தொடங்கினால், எழுபது பேருக்குப் போதுமாக இருந்த சோதனை வரிசை நீளும், ஓடுபாதை முனையில் காத்திருப்பும் கூடும். நான்கு மணி ஐந்து நிமிடம் என்று மேலே போட்ட கணக்கில், நிலையத்தில் முன்னதாக இருக்க வேண்டிய ஒன்றரை மணி நேரம் இரண்டாகிவிட்டால் ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். விரிவாக்கத்தில் முனையத்தின் அளவோடு, அந்த வரிசையின் நீளத்தையும், நகரத்திலிருந்து வர ஒரு ரயிலையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று நிலையத்தைச் சுற்றி வாழும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.